மாண்டல்பிராட் படத்தில் தனித்தீவுகள்: நிரலில் பிழையா?

வணக்கம். மாண்டல்பிராட் கணத்தை வரைந்தால் பெரிய உருவத்தைச் சுற்றிக் குட்டித் தீவுகள் தனித்தனியாக நிற்கின்றன, நிரலில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழை இல்லை. 0இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் எண்ணை வர்க்கமாக்கி, சி என்ற சிக்கலெண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள்; எல்லையின்றி ஓடிவிடாத சி-க்களின் தொகுப்புதான் இந்தக் கணம். 1980இல் கணிதவியலாளர் மாண்டல்பிராட்டே அதைத் துண்டு துண்டானது என்றுதான் முதலில் நினைத்தார். ஒரே தொடர்ச்சி என்று கணிதவியலாளர்கள் துவாதியும் ஹப்பார்டும் பிறகு நிறுவினார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு அது.

இணைக்கும் இழைகள் அவ்வளவு மெல்லியவை. உங்கள் நிரல் சோதிக்கும் புள்ளிகளுக்கு இடையே நழுவிவிடும். சி = -2 போட்டுப் பாருங்கள்: 0, -2, 2, 2, 2 என்று நின்றுவிடும். சி-யின் கற்பனைப் பகுதியில் வெறும் 0.01 சேர்த்தால் சில படிகளிலேயே ஓடிவிடும்.

சரி, கருப்பு வெள்ளையை விடுங்கள். எண்ணின் அளவு (0இலிருந்து அதன் தூரம்) எத்தனையாவது படியில் 2ஐத் தாண்டுகிறது என்பதை வைத்து வண்ணம் கொடுங்கள். இழைகளின் தடம் தெரியும். அப்புறம் -1.75 பக்கம் பெரிதாக்குங்கள், இடப்பக்கம் நீளும் ஊசிபோன்ற இழைமேல் ஒரு குட்டி உருவம் உட்கார்ந்திருக்கும்.