சட்டம் கேளுங்கள்: அண்ணனின் துப்பாக்கி தம்பிக்கு

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கும் என் மூத்த மகன், மாநில அரசின் அங்கீகாரப் பட்டியலில் இடம்பெறாத தன் கைத்துப்பாக்கியைத் தம்பிக்குக் கொடுக்க நினைக்கிறான். உடன்பிறந்தவர்கள் நேரடியாகக் கைமாற்றிக்கொள்ளலாமா?
– வாசகி, தோ பாயோ

பதில்: கூடாது. பெற்றோர்-பிள்ளை, தாத்தா பாட்டி-பேரப்பிள்ளை ஆகியோருக்கு அங்கே குடும்பச் சலுகை உண்டு. உடன்பிறந்தவர்கள், நம் கண்ணுக்கு வியப்பாக இருந்தாலும், அதில் சேரமாட்டார்கள். பட்டியலில் இல்லாத கைத்துப்பாக்கியைக் கடைக்காரர் புதிதாகப் பொதுமக்களுக்கு விற்க முடியாது என்றாலும், ஒருவரிடம் சட்டப்படி ஏற்கெனவே இருப்பதை உரிமம் பெற்ற வியாபாரி மூலம் இன்னொருவருக்கு மாற்றச் சட்டம் இடம் தருகிறது.

இருவரும் கடைக்கு நேரில் செல்லவேண்டும். 21 வயது நிரம்பிய இளையவர் அடையாள அட்டையையும் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழையும் காட்டிக் கட்டைவிரல் ரேகை பதித்த பின்னர், அவருடைய பின்னணி சரிபார்க்கப்படும் குறைந்தது 10 நாளுக்குத் துப்பாக்கி வியாபாரியின் பொறுப்பிலேயே இருக்கும். இளையவர் தகுதி பெறாவிட்டால் அது அவரிடம் தரப்படாது. மூத்தவருக்கும் துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லையென்றால்தான் அவரிடம் திருப்பித் தருவார்கள். வியாபாரி தம் பங்காக 10 அமெரிக்க டாலருக்குமேல் வாங்கக்கூடாது. அரசுக் கட்டணம் தனி.

இளையவர் வேலை விசாவில் இருக்கிறாரா என்பதை முதலில் கேளுங்கள். தற்காலிக விசாவில் இருப்போர், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது.

விடுமுறைக்கு வரும்போது ஒரு தோட்டாகூடப் பையில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு.