‘கவுன்சலிங்’னா சீட்டு வாங்குறதா? – மனநலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். உளவியல் சிகிச்சையைப் பற்றி மக்கள் என்ன நம்புகிறார்கள், அந்த நம்பிக்கையால்தான் சிகிச்சையைத் தொடர்கிறார்களா, நிறுத்துகிறார்களா என்பது என் ஆய்வு. மனநல உதவி தேடுவது பற்றிய மனப்பான்மையை அளக்கும் ஃபிஷர்–ஃபரினா அளவுகோலை (ஒரு வினாத்தாள்) நானே தமிழாக்கி, சிகிச்சைக்கு வரும் 60 பேரிடம் கொடுத்தேன். பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் ‘ஒத்துக்கொள்கிறேன்’ போட்டுவிட்டார்கள். எங்கே தவறு?
– ஆய்வு மாணவி, சேலம்

பதில்: 1995-இல் வந்த அந்த அளவுகோலில் 10 வாக்கியங்கள். அதில் 5 எதிர்த்திசையில் எழுதப்பட்டவை; அவற்றை ஒத்துக்கொண்டால் சிகிச்சையில் நம்பிக்கை இல்லை என்று பொருள். அவற்றுக்கு 0–3 மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுத்தான் கூட்ட வேண்டும். பத்துக்கும் ஒரே பதிலைப் போட்டவருக்கு, அது எந்தப் பதிலாக இருந்தாலும், கூட்டுத்தொகை சரியாக 15 வரும். ‘நடுத்தரமான மனப்பான்மை’ என்று அதை எழுதிவிடாதீர்கள். படித்த பிள்ளை கேட்கிறதே என்று மரியாதைக்குப் போட்ட டிக் அது. உங்கள் தாள்களில் எத்தனை 15 என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது சொல். ‘கவுன்சலிங்’ என்றால் நம் ஊரில் பாதிப் பேருக்கு இன்ஜினீயரிங் சீட்டு ஒதுக்கீடு. மீதிப் பேருக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி. புத்திமதி நல்லது என்று யார்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்? ‘மனசுல இருக்கிறதை வாரம் ஒரு தடவை, முக்கால் மணி நேரம், இதுக்குப் படிச்சவர்கிட்ட பேசுறது, மாத்திரை கிடையாது’ என்று முதலிலேயே விளக்கிவிட்டுக் கேளுங்கள். ‘பிரச்சினையை வெளியே சொல்லக்கூடாது என்பதை நான் ஏற்பதில்லை’ போன்ற இரட்டை எதிர்மறையை வெட்டி எறியுங்கள். நான்கு கட்டங்களை நீட்டுவதைவிட, ‘சரியா, இல்லையா?’ என்று கேட்டு, பிறகு ‘ரொம்பவா, கொஞ்சமா?’ என்றால் அம்மாபேட்டைத் தறிக்காரரும் தயங்காமல் சொல்வார்.

மொழிபெயர்ப்பை ஒருவரே செய்யக்கூடாது. இருவர் தனித்தனியே தமிழாக்கி ஒன்றுசேர்க்க, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். பிறகு எட்டுப் பத்துப் பேரிடம், ‘இந்த வாக்கியம் என்ன சொல்லுது? உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேளுங்கள். பலரும் இதைத் தாண்டிப் போய், கணினியில் ‘கிரான்பாக் ஆல்ஃபா’ என்ற புள்ளியியல் எண் 0.7 வந்தால் போதும் என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அது காட்டும். கேட்க நினைத்ததைக் கேட்டீர்களா என்பதை அல்ல.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, ஏற்கெனவே சிகிச்சைக்கு வந்துகொண்டிருப்பவர்களிடம் கேட்டது. நம்பிக்கை இல்லாதவர் இரண்டாம் வாரமே போய்விட்டாரே! முதல் அமர்வுக்கு முன்பே கேளுங்கள். சிகிச்சை தருபவர் கேட்கக்கூடாது. ‘எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? என்ன பண்ணினா சரியாகும்? எது பயமா இருக்கு?’ என்று மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1978-இல் தந்த எட்டுக் கேள்விகளிலிருந்து இரண்டு மூன்றையாவது சேருங்கள். செய்வினை என்றும், நரம்புத் தளர்ச்சி என்றும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வார். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதீர்கள்.

‘நிறுத்தினார்’ என்பதற்கு இலக்கணத்தையும் இப்போதே எழுதிவையுங்கள். 1993-இல் 125 ஆய்வுகளைத் தொகுத்தபோது இடையில் விட்டவர்கள் சுமார் 47%. 2012-இல் 669 ஆய்வுகளைத் தொகுத்தபோது சுமார் 20%. எதை ‘விடுதல்’ என்கிறோம் என்பதைப் பொறுத்தும் இந்த எண் ஏறி இறங்கும். இரண்டு முறை தொடர்ந்து வராதவரைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேளுங்கள். நவம்பர் தொடங்கிக் காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் ஏற்காட்டிலிருந்து ஒருவர் இறங்கி வரவில்லையென்றால் அது நம்பிக்கைக் குறைவல்ல, கூலி. அதற்குத் தனிக் குறியீடு கொடுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பதற்றம். கோயிலில் மந்திரித்துத் தாயத்துக் கட்டினோம். சிகிச்சை தருபவர் ‘மூடநம்பிக்கை’ என்று திட்டியதால் போவதையே விட்டுவிட்டோம். சரியா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: திட்டியது தவறு. தாயத்தும் கட்டலாம், பேச்சு சிகிச்சைக்கும் போகலாம். ஆனால் மந்திரிப்பவர், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, பட்டினி போட்டாலோ, அடித்தாலோ உடனே விலகுங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. திட்டிய அந்தச் சிகிச்சையாளரிடமே மறுபடி போக மனமில்லையென்றால் வேறொருவரிடம் போங்கள். முதல் நாளே, ‘கோயிலுக்கும் போறோம்’ என்று சொல்லிவிடுங்கள். மறைத்து வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: எத்தனை தடவை போக வேண்டும்?
– வாசகர், ஏற்காடு

பதில்: 1986-இல் வெளியான ஒரு கணக்கில், எட்டாவது அமர்வுக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் கண்கூடாக முன்னேற்றம் கண்டிருந்தார்கள். நான்காவது அமர்வில் ‘என்ன மாறியிருக்கு?’ என்று இருவரும் உட்கார்ந்து பாருங்கள். மலையிறங்க முடியாத வாரம் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசி உதவி அது, கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.