ரயில் நடுவழியில் மணிக்கணக்கில் நின்றுவிட்டால் பயணிகளுக்கு என்ன முன்னேற்பாடு இருக்க வேண்டும்?

முதலில் மின்சாரம். ஐ.சி.எஃப். என்ற பழைய வகைப் பெட்டிகளில் சக்கர அச்சு சுழன்றால்தான் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஓடும்; வண்டி நின்றால் அடியிலுள்ள 110 வோல்ட் பேட்டரிதான் கதி. எல்.எச்.பி. என்ற புதிய வகைப் பெட்டிகள் கொண்ட வண்டிகள் பலவற்றுக்கு மேல்நிலைக் கம்பியிலிருந்து எஞ்சின் வழியாக மின்சாரம் வருகிறது. கம்பி அறுந்தால் பவர் கார் எனப்படும் ஜெனரேட்டர் பெட்டியின் டீசல் ஜெனரேட்டர்தான் கைகொடுக்கும். அதில் டீசல் போதுமான அளவு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்தாக வேண்டும்.

ஆனால் விளக்கு இல்லாமல்கூடச் சமாளிக்கலாம், தண்ணீரும் சோறும் இல்லாமல் முடியாது. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியே அரித்துப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள், சாலையும் துண்டிப்பு. ஹெலிகாப்டரில் உணவு வந்து சேரும் முன்பு பசியாற்றியவர்கள் அக்கம்பக்கத்து ஊர்மக்கள். அவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்! வண்டியை வெட்டவெளியில் விடாமல் ஸ்டேஷனிலேயே நிறுத்தியதுதான் பெரிய காப்பு.

அதனால் மழைக்காலத்தில் எந்த ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தலாம், அங்கே குடிநீருக்கும் சமையலுக்கும் யாரைக் கூப்பிடுவது என்ற பட்டியல் ஒவ்வொரு ரயில்வே கோட்டத்திடமும் தயாராக இருக்க வேண்டும். குழந்தைகளுக்குப் பால்பவுடரும் முதலுதவி மருந்தும் அதில் கட்டாயம்.