துளசியைக் கொதிக்க விடாதீர்கள்

கேள்வி: ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் பால் டீ குடிக்கிறேன். குறைக்கலாம் என்று வீட்டிலேயே மூலிகை டீ போட ஆரம்பித்தேன். துளசி, இஞ்சி, பட்டை, அதிமதுரம், நிலவேம்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்க விட்டேன். ஒரே கசப்பு. பிரஷர் மாத்திரை சாப்பிடும் என் வீட்டுக்காரர் மட்டும், உடம்புக்கு நல்லதுதானே என்று இரண்டு மாதமாகக் குடிக்கிறார். அத்தை தொடவே மாட்டேன் என்கிறார். கடையில் எடை குறைக்கும் மூலிகை டீ பாக்கெட் விற்கிறார்கள், அதையாவது வாங்கலாமா?
– ஒரு வாசகி, புளியரை

பதில்: அன்புத் தங்கைக்கு,

முதல் வேலையாக, உங்கள் வீட்டுக்காரர் குடிப்பதில் அதிமதுரத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். தொண்டை கட்டினால் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வேறு, தினமும் காய்ச்சிக் குடிப்பது வேறு. அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். ரத்த அழுத்தம் ஏறும். மாத்திரை ஒரு பக்கம் இறக்க, உங்கள் டம்ளர் இன்னொரு பக்கம் ஏற்றிக்கொண்டிருக்கும். இந்த வாரமே டாக்டரிடம் போய், இரண்டு மாதமாகக் குடித்ததைச் சொல்லி பிரஷரைப் பார்த்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

நிலவேம்பும் தினசரி டம்ளருக்கு உரியதல்ல. அது மருந்து. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும்தான்.

சரி, மிச்சம் இருப்பது துளசியும் இஞ்சியும் பட்டையும். இவற்றை வைத்தே நல்ல டீ போடலாம், ஆனால் ஒரே கொதியில் அல்ல. வேர், பட்டை, விதை இவையெல்லாம் கொதித்தால்தான் இறங்கும். இலையும் பூவும் அப்படியில்லை. துளசி கொதிக்கும்போது அடுப்படி முழுக்க மணக்கும் பாருங்கள், அந்த மணம் டம்ளரிலிருந்து போனதுதான். இலையின் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும், கசப்பும் துவர்ப்பும் தங்கிவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, கையால் லேசாகக் கசக்கிய 7, 8 துளசி இலையைப் போட்டு, உடனே தட்டுப் போட்டு மூடுங்கள். 5 நிமிடம் போதும். மூடிய தட்டைத் திறக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாக நீர் நிற்கும். அதையும் டம்ளரிலேயே வழித்து விடுங்கள், மணம் அதில்தான் இருக்கிறது. புதினாவுக்கும் எலுமிச்சைப்புல்லுக்கும் இதே பக்குவம்தான். இஞ்சியோ பட்டையோ சேர்க்க ஆசைப்பட்டால், முதலில் அதைத் தனியாக 5 நிமிடம் கொதிக்க விட்டு இறக்கிய பிறகு இலையைப் போடுங்கள்.

அத்தைக்குச் சுக்கு மல்லிக் காப்பி போட்டுக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார். மல்லி 100 கிராம், சுக்கு 25 கிராம், மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் இரண்டு ஸ்பூன், ஏலக்காய் நாலைந்து. சுக்குக்குப் புறநஞ்சு என்பார்கள், மேல்தோலைச் சுரண்டிவிட்டுத் தட்டிக்கொள்ளுங்கள். மல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, எல்லாவற்றையும் கொரகொரப்பாகப் பொடித்து வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் பொடி, 4 நிமிடக் கொதி. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும், அடியில் மண் நிற்கும். வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மறக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிப்பதே நல்லது.

உங்கள் ஊர் எஸ் வளைவு ஏறி, கேரளாவில் ஆரியங்காவுப் பக்கம் போனால், ஓட்டலில் இளஞ்சிவப்பாக வெந்நீர் வைப்பார்களே, அதைத் தினம் குடிக்கும் தண்ணீராக நீங்களும் வைக்கலாம். பதிமுகம் என்ற மரத்தின் சீவல் அது. உங்கள் பக்கத்துச் செங்கோட்டை 1956 வரை கேரளப் பக்கத்துத் திருவிதாங்கூரோடு இருந்த ஊர், உங்களுக்கு அது புதிதாக இருக்காது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு சிறு சீவல் போதும். அதில் எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு மறைந்து மஞ்சளாகும். குழந்தைகளுக்குக் காட்டுங்கள், தண்ணீர் குடிக்க மறுக்கிற பிள்ளையும் ஒரு டம்ளர் குடிக்கும்.

எடை குறைக்கும் பாக்கெட்டை வாங்கும் முன் பின்பக்கம் படியுங்கள். சென்னா, அதாவது நிலாவாரை, என்று இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். திருநெல்வேலிச் சீமையின் பெயரிலேயே வெளிநாடுகளுக்குப் போகிற இலை அது, மலச்சிக்கலுக்குச் சில நாள் மருந்து. பேதியாவதால் எடை மெஷின் முள் இறங்குமே தவிர கொழுப்புக் கரையாது. மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் குறையும், அந்த இலை இல்லாமல் குடல் வேலை செய்ய மறுக்கும். ஆவாரம்பூவும் இதுவும் ஒன்று என்று சிலர் சொல்லி விற்பார்கள். இரண்டும் வேறு செடி.

அப்புறம் உங்கள் ஐந்து டம்ளர். ஒரே நாளில் விட்டால் தலைவலி மண்டையைப் பிளக்கும், காஃபீன் பழகிய உடம்பு அப்படித்தான் கேட்கும். காலை டீயைத் தொடவே வேண்டாம், அது இருக்கட்டும். இந்த வாரம் சாயங்காலம் 6 மணி டீயை மட்டும் துளசிக்கு மாற்றுங்கள். அது பழகியபின் 4 மணி டீயைப் பார்க்கலாம். மழை நாளில் அத்தையும் கேட்பார், அன்றைக்குச் சுக்குக் காப்பியை இரண்டு டம்ளர் கூடுதலாகவே போட்டு வையுங்கள்.