அந்த எழுத்தை யார் மாற்றியது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பரிணாமத்தில் குவாண்டம் இயற்பியலுக்குப் பங்கு உண்டா என்று சில மாதங்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பறவைகள் பூமியின் காந்தப்புலத்தை உணர்வது, இலைகள் ஒளியாற்றலைக் கடத்துவது, டிஎன்ஏவில் புரோட்டான் இடம் மாறுவது எல்லாமே குவாண்டம் விளைவுகள் என்கிறார்கள். பார்வையாளர் பார்க்கும்போதுதான் துகள் ஒரு நிலைக்கு வருகிறது என்றால், உயிரின் பிரக்ஞைதான் தனக்கு வேண்டிய மரபணு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்கிறது என்று சொல்லலாம் அல்லவா? 1988ல் உயிரியலாளர் ஜான் கெய்ர்ன்ஸ் பாக்டீரியாவில் கண்டது அதுதானே? அப்படியானால் கருவுற்ற தாயின் எண்ணங்களும் குழந்தையின் மரபணுவைத் திருத்தக்கூடும். நண்பர்கள் குழுவில் இதைப் பற்றி உரையாற்றவிருக்கிறேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால் உங்கள் கடிதத்தை ஆசையோடு படிக்க ஆரம்பித்தேன். தாயின் எண்ணங்கள் என்று நீங்கள் எழுதியிருந்த இடத்துக்கு வந்ததும் எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் திரும்ப எடுத்தேன்.

முதலில் உங்கள் கேள்விக்கு. பங்கு உண்டு, அதுவும் அடித்தளத்திலேயே உண்டு. 1943ல் டப்ளினில் இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் ஆற்றிய உரைகளில் கேட்டதே இதைத்தான்: ஒப்பிட்டால் மிகக் குறைவான அணுக்களால் ஆன ஒரு மரபணு, உடற்சூட்டில் ஓயாத அணுக்களின் அசைவுக்கு நடுவே, தலைமுறை தலைமுறையாக எப்படி மாறாமல் நிற்கிறது? மூலக்கூறுகளின் ஆற்றல் குவாண்டம் விதிப்படி தனித்தனிப் படிகளாக அமைந்திருக்கிறது, ஒரு படியிலிருந்து அடுத்ததற்குத் தாவத்தான் முடியும், இடையில் நிற்க முடியாது, அதனால்தான் அது நிலைக்கிறது, எப்போதாவது தாவும்போது மாறுகிறது என்றார் அவர். எக்ஸ் கதிர் பட்டால் பழ ஈக்களில் மரபணு மாற்றம் பெருகுகிறது என்று 1927லேயே மரபியலாளர் முல்லர் காட்டியிருந்தார். 1963ல் குவாண்டம் வேதியியலாளர் லொவ்டின் இன்னும் நெருங்கிப் போனார். டிஎன்ஏ ஏணியின் படிகளைப் பிடித்துவைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பில் ஒரு புரோட்டான், தாண்ட முடியாத தடையை ஊடுருவி மறுபக்கம் போய்விட்டால், அந்தப் படியில் உள்ள எழுத்து, அதாவது மரபுச் செய்தியை எழுதும் சிறு மூலக்கூறு, சற்று வேறு உருவம் கொள்ளும், நகலெடுக்கும் நேரத்தில் தவறான ஜோடியோடு சேர்ந்துகொள்ளும். அழகான யோசனை. கணக்குகள் அதற்கு இடம் தருகின்றன, ஆனால் இயற்கையில் நடக்கும் மாற்றங்களில் இன்னது இப்படித்தான் வந்தது என்று யாரும் கையால் தொட்டுக் காட்டவில்லை. உரையில் அந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

பறவையும் இலையும் தனிக் கதைகள். இலை விஷயத்தில் 2007ல் எழுந்த பரபரப்பு பிற்பாடு வெகுவாக அடங்கிவிட்டது, அதை உரையில் சேர்க்காதீர்கள். பறவையின் கண்ணில் இருக்கும் கிரிப்டோகுரோம் என்ற புரதத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதுதான் உண்மையில் பரிணாமக் கதை. வெயிலால் பழுதான டிஎன்ஏவை நீல ஒளியின் துணையோடு சரிசெய்யும் ஒரு பழைய நொதியின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பழுது பார்க்கும் குடும்பத்திலிருந்து வந்தது இன்று வழிகாட்டும் வேலையையும் செய்கிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

பிரக்ஞை, பார்வையாளர் என்பதெல்லாம் வேண்டாம். இயற்பியலில் அளத்தல் என்றால் மனம் வைத்துப் பார்ப்பது என்று அர்த்தமில்லை. ஒரு நீர் மூலக்கூறு வந்து மோதினாலே போதும், அளந்தாகிவிட்டது. செல்லுக்குள் அந்த மோதல் ஓய்வதேயில்லை. மூளை என்று ஒன்று உலகத்தில் தோன்றுவதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் முன்பே மரபணுக்கள் மாறிக்கொண்டுதான் இருந்தன.

கெய்ர்ன்ஸ் விஷயத்தில் நீங்கள் அரைகுறையாகப் படித்திருக்கிறீர்கள், இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பட்டினி கிடந்த பாக்டீரியா தனக்குத் தேவையான மாற்றத்தை மட்டும் வரவழைத்துக்கொண்டது போலத்தான் முதலில் தெரிந்தது. பிறகு தேடிப் பார்த்தபோது, எந்தப் பயனும் இல்லாத மற்ற மரபணுக்களிலும் அதே சமயத்தில் மாற்றங்கள் நடந்திருந்தன. நெருக்கடியில் பிழைகள் கூடின, அவ்வளவுதான். 1988ஐப் படித்தவர் அதற்குப் பின் வந்ததையும் படித்திருக்க வேண்டாமா?

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

என் தம்பிக்கு ஹீமோஃபிலியா. ரத்தம் உறையத் தேவையான ஒரு புரதம் அவனுக்குச் சரியாக உருவாகாது. குழந்தையாக இருந்தபோது தவழ்ந்தாலே முழங்கால் வீங்கிவிடும். ராத்திரியில் அந்த முழங்காலில் ஈரத்துணியைப் போட்டு அம்மா உட்கார்ந்திருப்பாள், துணி சூடாகிவிட்டால் திருப்பிப் போடுவாள், அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் அது இல்லை. ஆகவே வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: வயிற்றில் இருக்கும்போது எதற்காவது பயந்தாயா, யாரையாவது வெறுத்தாயா, மனசு சரியில்லாமல் இருந்தாயா? நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். உங்களைப் போலவே. அம்மா அந்த ஒன்பது மாதத்தை நாள் நாளாக எடுத்து வைத்துத் தேடினாள். ஒருநாள் பாட்டியோடு சண்டை போட்டதைக் கண்டுபிடித்தாள். பதினாறு வருஷம் அந்தச் சண்டையைச் சுமந்தாள்.

கல்லூரியில், மரபியலாளர் ஹால்டேன் 1935ல் போட்ட கணக்கை ஒரு பேராசிரியர் கரும்பலகையில் எழுதினார். அந்தக் காலத்தில் இந்த நோயோடு பிறந்த பையன்கள் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதுக்கு வருவதேயில்லை. அப்படியானால் ஒவ்வொரு தலைமுறையிலும் நோய் குறைந்து கொஞ்ச காலத்தில் இல்லாமலே போயிருக்க வேண்டும். போகவில்லை. ஆகவே எவ்வளவு அழிகிறதோ அவ்வளவு புதிதாகப் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தச் சமநிலையிலிருந்து அந்த மரபணு எத்தனைக்கு ஒரு முறை தானாகப் பிறழ்கிறது என்று ஹால்டேன் கணித்தார்: ஒரு தலைமுறையில் ஏறத்தாழ 50,000 பிரதிகளுக்கு ஒன்று. மனித மரபணு ஒன்று பிறழும் வேகத்தை அளந்த முதல் கணக்குகளில் ஒன்று அது. இங்கிலாந்தின் அரச குடும்பத்தில் விக்டோரியா ராணியின் வாரிசுகளுக்கு வந்த இந்த நோய் அவருக்கு முன் இருந்ததாகப் பதிவே இல்லை, அவர் பிறந்தபோது தந்தைக்கு 51 வயது. வயதாக வயதாகத் தந்தையின் விந்தணுக்களில் நகலெடுக்கும் பிழைகள் கூடுகின்றன என்பது இன்று நன்றாகவே தெரியும்.

அன்று ராத்திரி அம்மாவிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒரு முழுப் பக்கத்தைப் பார்த்து எழுதி, ஓரிடத்தில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். விரலை வரிமேல் வைத்து மெதுவாகத் தேடினாள். கிடைத்ததும், ‘இவ்வளவுதானா?’ என்றாள். இவ்வளவுதான், நம் ஒவ்வொருவருக்குள்ளும் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கின்றன, எந்தக் குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய மாற்றங்களோடுதான் பிறக்கிறது, பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை, தம்பியின் மாற்றம் மோசமான இடத்தில் விழுந்துவிட்டது என்றேன். அவன் உருவான கருமுட்டை, அம்மா தன் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே உருவாகத் தொடங்கியது என்றும் சொன்னேன். இந்த மாற்றமே அதற்கும் முன்னால், தாத்தாவின் உடம்பில் நடந்திருக்கலாம், இந்த நோயில் அது சகஜம். ‘அப்போ அந்தச் சண்டை இல்லையா?’ என்று கேட்டாள். இல்லை அம்மா என்றேன். விளக்கை அணைத்த பிறகு இன்னொரு முறை கேட்டாள்.

எஸ்., பரிணாமம் குருடு என்பது உங்களுக்கு வறட்சியாகத் தெரிகிறது, அதில் ஒரு நோக்கத்தை வைக்க ஆசைப்படுகிறீர்கள், அந்த ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நோக்கத்தை வைத்த மறுநிமிடமே பொறுப்பாளி ஒருத்தியும் வந்துவிடுகிறாள். தேர்ந்தெடுத்த மனம் ஒன்று உண்டு என்றால், தப்பாகத் தேர்ந்தெடுத்த மனமும் உண்டு என்றாகும். உங்கள் கூட்டத்தில் பின்வரிசையில் அப்படி ஒரு தாய் உட்கார்ந்திருந்தால், உங்கள் மற்ற எல்லா வாக்கியங்களையும் மறந்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போவாள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் 1943ல் லூரியா, டெல்ப்ரூக் என்ற இரு அறிவியலாளர்கள் வெளியிட்ட சோதனையை வையுங்கள், ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பல குழாய்களில் பாக்டீரியாவைத் தனித்தனியாக வளர்த்து, பிறகு அவற்றைக் கொல்லும் வைரஸோடு சேர்த்தார்கள். வைரஸைக் கண்ட பிறகுதான் எதிர்ப்பு உருவாகிறது என்றால் எல்லாக் குழாய்களிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை தப்பியிருக்க வேண்டும். அப்படி இல்லை. பலவற்றில் ஒன்றுமே தப்பவில்லை, சிலவற்றில் நூற்றுக்கணக்கில் தப்பின. மாற்றம் வைரஸ் வருவதற்கு முன்பே, எதையும் அறியாமல், அந்தச் சில குழாய்களில் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. பலகையில் குழாய்களை வரைந்து ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்துக் காட்டுங்கள், காலியான குழாய்களையும் விடாமல் வரையுங்கள்.