வயலில் கூலிக்கு உழைத்த லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் யாராவது அமெரிக்காவில் உயர் பதவிக்கு வந்திருக்கிறார்களா?

இந்தக் கேள்விக்குப் பலரும் சீசர் சாவேஸின் பெயரையே சொல்வார்கள். ஆனால் அவர் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர். அரசுப் பதவி வகித்தவர் அல்லர். என் விடை, அரிசோனாவின் ஆளுநராக இருந்த ரவூல் ஹெக்டர் காஸ்ட்ரோ. கியூபாவின் ரவூல் காஸ்ட்ரோ வேறு, இவர் வேறு. அமெரிக்க மாநில ஆளுநர் மக்கள் வாக்கால் வருபவர் என்பதால், நம் ஊர்க் கணக்கில் அவரை முதலமைச்சர் என்றே கொள்ள வேண்டும்.

மெக்சிகோவின் கனனேயா என்ற செம்புச் சுரங்க ஊரில் 1916இல் பிறந்த காஸ்ட்ரோ, அரிசோனாவின் எல்லையோரத்தில் வளர்ந்தார். தந்தை இறந்தபின் தாய் பிரசவம் பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். 1939இல் ஃபிளாக்ஸ்டாஃப் ஆசிரியர் கல்லூரியில் பட்டம் பெற்று, அதே ஆண்டில் குடியுரிமையும் பெற்றபோதிலும், மெக்சிகோ வம்சாவளியினர் என்ற காரணத்தால் அவருக்கு ஆசிரியர் வேலை மறுக்கப்பட்டது. எனவே அந்தப் பட்டதாரி ஊர் ஊராக அலைந்து வயல்களில் கூலிவேலை செய்தார். காசுக்காகக் குத்துச்சண்டையும் போட்டார். படிக்காததால் வயலுக்குப் போனவர்களின் கதையை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். இவரோ படித்த பிறகும் அங்கே தள்ளப்பட்டவர்.

பின்னர் எல்லைக்கு அப்பால் அகுவா பிரியெட்டாவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். வெளிநாட்டில் பிறந்தவருக்கு அங்கே மேலே செல்ல வழியில்லை என்று தெரிந்ததும் சட்டம் படிக்கச் சென்று 1949இல் பட்டம் பெற்றார். அரசு வழக்கறிஞர், நீதிபதி, எல் சால்வடோருக்கும் பொலிவியாவுக்கும் தூதர் என்று அடுத்தடுத்துப் பதவிகள் வந்தன.

1970இல் ஆளுநர் தேர்தலில் நின்று சொற்ப வித்தியாசத்தில் தோற்ற அவர், 1974இல் வென்றதற்கான காரணமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அறுவடைக் காலத்தில் பண்ணைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் 1972இல் ஆளுநர் ஜாக் வில்லியம்ஸ் கையெழுத்திட்டார். அதை எதிர்த்து சாவேஸ் ஃபீனிக்ஸ் நகரில் உண்ணாவிரதம் இருந்தார். அவருடைய சங்கம் ஆளுநரைத் திரும்ப அழைக்க, அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே மக்கள் வாக்கெடுப்பால் நீக்க, கையெழுத்து திரட்டியது. திரும்ப அழைப்பு நடக்கவில்லை. ஆனால் கையெழுத்துக்காக வீடு வீடாகச் சென்ற தொண்டர்கள், அதுவரை பட்டியலில் இல்லாத ஏராளமான மெக்சிகோ அமெரிக்கர்களையும் நவஹோ பழங்குடியினரையும் வாக்காளர்களாகச் சேர்த்திருந்தார்கள். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் காஸ்ட்ரோ ஆளுநரானதில் அந்த வாக்குகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது பரவலான கணிப்பு.

அதனால் இதைத் தனிமனித உழைப்பின் வெற்றியாக மட்டும் சொல்வது பாதிக் கதை என்பேன். 1977இல், பதவிக்காலம் முடியும் முன்பே, அர்ஜென்டினாவின் தூதராவதற்காக அவர் ஆளுநர் பதவியை விட்டு விலகினார். வீடு வீடாக அலைந்து வாக்குச் சேர்த்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால், அந்த முடிவை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை.