"மாப்பிள்ளை சம்பளம் எவ்வளவு மேடம்?" – ஆடிட்டரிடம் கேட்ட கேள்விகள்

ஈரோட்டில் 22 வருடமாக ஆடிட்டர் தொழில் பார்க்கிறேன். ரிட்டர்ன் நெரிசல் ஓய்ந்த பிறகு, "எங்கள் பான், பேங்க் ஸ்டேட்மென்ட், சொத்துப் பத்திர நகல் எல்லாம் உங்கள் ஆபீஸ்களில்தான் கிடக்கின்றன. அதற்கு என்ன பாதுகாப்பு?" என்று பலர் கேட்டார்கள். கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் பெயரைப் போடவில்லை. பேசப்போகும் விஷயமே அதுதானே!

கேள்வி: எங்கள் பெண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக் கணக்கை யார் பார்க்கிறார் என்று தெரியும். அந்த ஆடிட்டரிடம் சம்பளம், கடன் பற்றி விசாரித்தால் தப்பா மேடம்? (கோபி, அரிசி மண்டி)

நீங்கள் கேட்பது தப்பில்லை. அவர் பதில் சொன்னால்தான் தப்பு. 1949-ஆம் வருட சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் முதல் பகுதியின் முதல் ஷரத்தே இதுதான்: தொழில்முறையில் தெரிந்துகொண்ட தகவலை, க்ளையன்ட் சம்மதமும் இல்லாமல், சட்டமும் கேட்காமல், வேறு யாருக்காவது சொன்னால் அது தொழில் ஒழுங்கீனம். புகார் போனால் உறுப்பினர் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம்.

இந்த விசாரிப்பு எனக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது வரும். ஆவணியிலும் தையிலும் கொஞ்சம் அதிகம். ஆரம்பத்தில் நானும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தொகையைச் சொல்ல மாட்டேன், ஆனால் "நல்ல குடும்பம்தாங்க" என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை வேறொரு வீட்டைப் பற்றிக் கேட்டபோது, "நாங்கள் எதுவும் சொல்லக் கூடாதுங்க" என்றேன். கேட்டவர் முகம் மாறியது. அந்த வரன் அத்தோடு போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வீட்டுக்கு ஒரு குறையும் கிடையாது. அன்று எனக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான். அதிலிருந்து எல்லோருக்கும் ஒரே பதில். அவர் என் க்ளையன்டா இல்லையா என்பதைக்கூடச் சொல்வதில்லை.

மாப்பிள்ளையிடமே நேராகக் கேளுங்கள். அவர் விரும்பினால் தன் ரிட்டர்னைத் தானே எடுத்துக் காட்டட்டும்.

கேள்வி: என் கணவருக்கும் எனக்கும் ஒரே ஆடிட்டர். என் சம்பளம், எஃப்டி வட்டி எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா அக்கா? (கரூர், ஆசிரியை)

உண்டு. பான் தனி என்றால் க்ளையன்டும் தனிதான். கல்யாணம் ஆகிவிட்டதால் உங்கள் ஃபைலைத் திறந்து பார்க்கும் உரிமை அவருக்கு வந்துவிடாது. வேலைக்குப் போகும் மகன் விஷயத்தில் அப்பாவுக்கும் இதே கதிதான்.

ஆனால் நான் பார்த்தவரை, வீட்டுக்குள் தகவல் போவது ஆடிட்டர் வாய் வழியாக இல்லை. வருமான வரி போர்ட்டலில் உங்கள் பெயருக்கு எதிரே யாருடைய மொபைலும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று பாருங்கள். பத்தில் ஏழு வீடுகளில் கணவருடையதுதான் இருக்கும். ஓடிபி, நோட்டீஸ், ரீஃபண்ட் தகவல் எல்லாம் நேராக அவருக்குத்தான் போகும். முதலில் அதை மாற்றுங்கள். சுயவிவரப் பக்கத்தில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு வழி எங்கள் ஆபீஸிலேயே நடந்தது. குடும்பத்தில் நாலு பேர் ரிட்டர்ன் முடிந்ததும், வேலை செய்யும் பெண் நாலையும் சேர்த்துக் குடும்பத் தலைவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டாள். மகன் பங்குச் சந்தையில் ஆப்ஷன் வியாபாரத்தில் விட்ட பணம் அப்பாவுக்கு அப்படித்தான் தெரிந்தது. மகன் என்னிடம் வந்து சத்தம் போட்டார். நியாயமான சத்தம்தான். இப்போது அவரவர் ரிட்டர்ன் அவரவர் எண்ணுக்கு மட்டுமே போகும். வேறொருவருக்கு அனுப்ப வேண்டுமானால் எழுத்தில் ஒரு வரி வேண்டும்.

பார்ட்னர்ஷிப் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பார்ட்னருக்கும் 1932-ஆம் வருடப் பார்ட்னர்ஷிப் சட்டமே உரிமை கொடுக்கிறது. ஆனால் அது நிறுவனக் கணக்கோடு சரி. மச்சானே பார்ட்னராக இருந்தாலும் உங்கள் சொந்த ரிட்டர்னை நான் அவருக்குக் காட்ட முடியாது.

கேள்வி: எங்கள் மூன்று டைரக்டர்களின் டிஎஸ்சியும் (டிஜிட்டல் கையெழுத்து) ஆடிட்டர் ஆபீஸில்தான் இருக்கிறது. எல்லோரும் அப்படித்தானே கொடுத்து வைக்கிறார்கள்? (திருப்பூர், பனியன் கம்பெனி)

எல்லோரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மை. எனக்கு ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்ததும் அதுதான்.

அந்தச் சின்ன யுஎஸ்பி டோக்கன் உங்கள் கையெழுத்து. கையெழுத்து மாதிரி என்று நினைக்காதீர்கள், சட்டப்படி அதுவேதான். கம்பெனி பதிவாளருக்குப் போகும் படிவம், டெண்டர், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எல்லாம் அதில் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 42-ஆம் பிரிவு, அதன் ரகசிய டிஜிட்டல் சாவியைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை உங்கள் மேல்தான் வைக்கிறது. நாளைக்கு ஒரு வில்லங்கம் வந்தால், "ஆடிட்டரிடம் இருந்தது, எனக்குத் தெரியாது" என்று சொல்லி எளிதில் நழுவ முடியாது.

பல ஆபீஸ்களில் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பழைய ஸ்வீட் டப்பா. அதில் நாற்பது டோக்கன். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் கம்பெனி பெயர், பெயருக்குக் கீழே பின் நம்பர்! பயிற்சிக்கு வந்திருக்கும் ஆர்ட்டிகிள் பையன்கள் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கேலிக்குச் சொல்லவில்லை. எங்கள் டப்பா மைசூர்பாகு டப்பா.

இப்போது எங்களிடம் பூட்டிய அலமாரியும் ஒரு நோட்டும் இருக்கின்றன. டோக்கன் வந்த தேதி, எடுத்தவர், எதற்காக, திருப்பி வைத்த நேரம், கையெழுத்து. பின் நம்பரை நாங்கள் வாங்குவதில்லை. கையெழுத்துப் போடும் நேரத்தில் டைரக்டர் வந்தோ வீடியோவில் இருந்தோ தானே அடிக்க வேண்டும். நேரம் பிடிக்கும், செப்டம்பரில் எரிச்சலாக இருக்கும், சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆடிட்டரிடம் போனார்கள். போகட்டும்.

உங்களுக்கு என் யோசனை: டோக்கனைத் திரும்ப வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள். பின் நம்பரை உடனே மாற்றுங்கள். டோக்கனோடு வந்த ஆரம்ப நம்பரே இன்னும் இருந்தால் அது ஊருக்கே தெரிந்த நம்பர். டாக்ஸ் ஆடிட்டுக்கு உங்கள் போர்ட்டல் பாஸ்வேர்டும் எனக்குத் தேவையில்லை. உங்கள் லாகினில் போய் என் உறுப்பினர் எண்ணைச் சேர்த்து, படிவத்தை எனக்கு ஒதுக்கினால் போதும். நான் என் லாகினில், என் டிஎஸ்சியில் அறிக்கை போடுவேன், நீங்கள் உங்கள் லாகினில் ஏற்றுக்கொள்வீர்கள். போர்ட்டலை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டைக் கொடுத்துப் பழகியது நாம்தான்.

கேள்வி: வருமான வரி பிடிஎஃப் எல்லாம் பாஸ்வேர்டோடுதானே வருகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன? (சென்னை, ஐடி ஊழியர்)

அந்தப் பாஸ்வேர்ட் என்ன? பான் எண் சின்ன எழுத்தில், பின்னாலேயே பிறந்த தேதி. ஏஐஎஸ், அதாவது உங்கள் வருட வருமானம் பற்றித் துறைக்கு வந்த தகவல்களின் தொகுப்பு, அப்படித்தான் திறக்கும். ரிட்டர்ன் பரிசீலனை முடிந்து மின்னஞ்சலில் வரும் அறிவிப்பும் அப்படித்தான். இப்போது பான் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணும் பிறந்த தேதியும் அதிலேயே அச்சாகியிருக்கும். நீங்களோ பான் கார்டு படத்தையும் அந்த பிடிஎஃப்பையும் ஒரே சாட்டில் அனுப்பியிருப்பீர்கள்.

இ-ஆதாரும் அதே கதைதான்: பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த வருடம். ஆதார் நகல் எங்களுக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை, ரிட்டர்னுக்கு வேண்டிய எண் போர்ட்டலில் ஏற்கெனவே இருக்கும். யாராவது கட்டாயம் கேட்டால், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கிக் கொடுங்கள்.

கேள்வி: நான் ஆர்ட்டிகிள்ஷிப்பில் இருக்கிறேன் மேடம். எங்களுடையது நாலு கம்ப்யூட்டர் ஆபீஸ். பெரிய நிறுவனங்கள் மாதிரிச் செலவு செய்ய முடியாது. எதிலிருந்து தொடங்குவது? (மதுரை)

பெரிய நிறுவனங்களும் பெரிதாக ஒன்றும் தப்பித்துவிடவில்லை தம்பி. 2017-இல் டெலாய்ட் என்ற உலகப் பெரிய ஆடிட் நிறுவனத்தின் மின்னஞ்சல் அமைப்புக்குள் யாரோ புகுந்த செய்தி வெளியானது. நிர்வாகிக் கணக்கு ஒன்றுக்கு வெறும் பாஸ்வேர்ட் மட்டும் இருந்தது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. உங்கள் ஆபீஸ் மின்னஞ்சலில் அதை இன்றைக்கே போட்டுவிடலாம், காசு கிடையாது.

அடுத்து, ஆளுக்கு ஒரு லாகின். "அட்மின்" என்ற ஒரே பெயரில் எல்லோரும் உள்ளே போனால், நாளைக்கு யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியாது. டேலி கணக்கு மென்பொருளில், டேட்டாவைப் பூட்டும் வால்ட் பாஸ்வேர்ட் போடுங்கள். ஆனால் அதை மறந்துவிட்டால் அந்தக் கம்பெனி டேட்டாவைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. அதனால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சீனியர் லாக்கரில் வையுங்கள். லேப்டாப் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யுங்கள். ஆடிட்டுக்கு வெளியூர் போகும்போது பஸ்ஸில் தொலைவது லேப்டாப்தான், சர்வர் இல்லை. பேக்அப் ஒன்று எப்போதும் இணைப்பில் இல்லாமல் தனியாக இருக்கட்டும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், கூடவே செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

அப்புறம் பேப்பர். பல வருடம் முன்பு ஒரு சாயங்காலம் சுண்டல் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் யாருடையதோ ஒரு ஃபார்ம் 16, அதாவது கம்பெனி தரும் சம்பள வரிச் சான்றிதழ். பெயர், பான், சம்பளம், பிடித்த வரி எல்லாம் எண்ணெய்க் கறையோடு. எந்த ஆபீஸ் பேப்பர் என்று தெரியவில்லை. எங்களுடையதாகவும் இருந்திருக்கலாம், ஏனென்றால் நாங்களும் அப்போது பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். மறுநாளே துண்டாக்கும் மெஷின் வாங்கினேன். தீபாவளிக்கு முன் ஆபீஸ் சுத்தம் செய்யும் வாரம்தான் வருடத்திலேயே ஆபத்தான வாரம், கவனமாக இருங்கள்.

கேள்வி: வருமான வரித்துறை கேட்டால் எங்களைப் பற்றி எல்லாம் சொல்லிவிடுவீர்களா? (சேலம், பெயர் வேண்டாம்)

சட்டப்படி சம்மன் வந்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே நடக்கும் பேச்சுக்குச் சாட்சியச் சட்டம் பாதுகாப்பு கொடுக்கிறது. ஆடிட்டருக்கு அந்தக் கவசம் இல்லை. அதே சமயம், அதிகாரி போனில் "சும்மா ஒரு தகவல்" என்று கேட்டால் நான் தர மாட்டேன். எழுத்தில் வர வேண்டும், எந்தப் பிரிவின் கீழ் என்று இருக்க வேண்டும், கேட்டதை மட்டும் கொடுப்பேன்.

சில இடங்களில் கேட்காமலே சொல்ல வேண்டிய கடமையும் உண்டு. கம்பெனி ஆடிட்டில் அதிகாரிகளோ ஊழியர்களோ செய்த 1 கோடி ரூபாய்க்குக் குறையாத மோசடி இருப்பதாக நம்பக் காரணம் தெரிந்தால் மத்திய அரசுக்கு அறிக்கை போக வேண்டும். 2023 மே மாதம் முதல், க்ளையன்ட் சார்பில் சொத்து வாங்கி விற்பது, அவர் பேங்க் கணக்கை நிர்வகிப்பது போன்ற வேலைகளைச் செய்யும் ஆடிட்டர்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டார்கள். நான் அந்த வேலைகளை எடுத்துக்கொள்வதே இல்லை.

கேள்வி: ஆடிட்டரை மாற்றிவிட்டேன். பழையவர் எங்கள் தகவலை அழிக்க வேண்டாமா? (நாமக்கல், லாரி தொழில்)

உடனே அழிக்க முடியாது. ஆடிட் செய்த வேலைத்தாள்களை, அறிக்கை தேதியிலிருந்து குறைந்தது 7 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் இன்ஸ்டிட்யூட்டின் தரநிலை. அந்தத் தாள்கள் அவருடையவை. உங்கள் பில், வவுச்சர், பத்திரம் உங்களுடையவை, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாற்றிய அன்றே நீங்கள் செய்ய வேண்டியது: வருமான வரி, ஜிஎஸ்டி, பிஎஃப், ஈஎஸ்ஐ என்று எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுவது. ஜிஎஸ்டியில் பழைய ஆடிட்டரின் மொபைலே பதிவாகி, அவர் ஓடிபி தர மறுத்தால் பயப்பட வேண்டாம். உங்கள் சரக அதிகாரியிடம் ஆதாரங்களோடு மனு கொடுத்தால் மின்னஞ்சலையும் மொபைலையும் மாற்றிக் கொடுப்பார்.

கேள்வி: புதிதாக டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறதாமே, அதனால் என்ன மாறும்?

2023-இல் சட்டம், 2025 நவம்பரில் விதிகள். முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தகவல் கசிந்தால் டேட்டா பாதுகாப்பு வாரியத்துக்கும் சொல்ல வேண்டும், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் விட்டால் அபராதம் 250 கோடி வரை போகலாம். என் மாதிரி ஆபீஸுக்கு அவ்வளவு போட மாட்டார்கள், ஆனால் "போய்விட்டது சார், சாரி" என்று முடித்துவிடும் காலம் போகிறது. ஒன்று கவனியுங்கள்: இது தனிமனிதர்களின் டிஜிட்டல் தகவலுக்கான சட்டம். உங்கள் கம்பெனியின் டர்ன்ஓவர் இதில் வராது, உங்கள் தொழிலாளர்களின் சம்பளப் பட்டியல் வரும்.

கேள்வி: "ஆடிட்டர் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ரீஃபண்டுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று போன் வந்தது. சொல்லிவிட்டேன். (பவானி, ஓய்வு பெற்றவர்)

ஐயா, முதலில் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள், பிறகு உங்கள் பேங்குக்கு. பணம் போயிருந்தால் எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. பிறகு போர்ட்டல் பாஸ்வேர்டை மாற்றி, ரீஃபண்ட் போகும் பேங்க் கணக்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள். ஏஐஎஸ்ஸில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத வருமானமோ வாடகையோ இருந்தால், அங்கேயே "இது என்னுடையது இல்லை" என்று பதியலாம். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் உங்கள் பெயரில் யாராவது பதிவு வாங்கியிருக்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும்.

எங்கள் ஆபீஸிலிருந்தும் ரிட்டர்ன் சரிபார்க்க ஓடிபி கேட்டு போன் வரும், அதை மறுக்கவில்லை. அப்படி வந்தால் "வைங்க, நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள். என் ஆபீஸ் பெண்களுக்கு இதில் கோபம் வராது. வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.